பின் இருக்கையில் இரண்டு பயணங்கள்

1

வாடகைக் கார் ஓட்டிப் பிழைக்கிறவனைப் பின் இருக்கையில் உட்கார வைத்தால் கைகளை எங்கே வைப்பதென்று அவனுக்குத் தெரியாது. கால் தானாகப் பிரேக்கைத் தேடும். போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் கல்யாண நாள். அன்று நான் அப்படித்தான், சியோனே ஓட்டிய காரின் பின் இருக்கையில், என் மனைவி சாந்தினிக்குப் பக்கத்தில், மடியில் ரோல்ஸ் டப்பாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சியோனே தொங்கா தீவுக்காரன். நானும் அவனும் ஒரே கம்பனிக்குக் கார் ஓட்டுகிறோம். நியூசிலாந்தின் ஆக்லாந்து விமான நிலையத்தில் வரிசையில் காத்து நின்றே சிநேகிதமானவர்கள். "ஞாயிற்றுக்கிழமை என்னையும் மனைவியையும் பீஹா கடற்கரைக்குக் கூட்டிப் போக வேண்டும்" என்று கேட்டபோது, "உன் லைசென்ஸைப் பிடுங்கிவிட்டார்களா?" என்றான். இல்லை, கல்யாண நாள் என்றேன். அவன் நம்பவில்லை.

சாந்தினியும் நம்பவில்லை. "வாசல்ல உங்கட கார் நிக்குது. பிறகென்னத்துக்கு இன்னொரு கார்?" என்று காலையிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"ஒரு நாளெண்டாலும் உமக்குப் பக்கத்தில இருந்து போவம் எண்டுதான்."

"இவ்வளவு வருசமா இல்லாத பாசம் இப்ப எங்கயிருந்து வந்தது?" என்றாள். ஆனாலும் நல்ல சேலை ஒன்றை எடுத்து உடுத்திக்கொண்டாள். ஓட்டுகிறவருக்கும் சேர்த்து, கறி வைத்துச் சுருட்டி ரோல்ஸ் பொரித்தாள்.

பாசம் இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் காரணம் அதுவல்ல. அவளிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருந்தது. அதைச் சொல்வதற்குப் பக்கத்தில் ஒரு அந்நிய மனிதர் எனக்குத் தேவைப்பட்டார். இந்த வித்தையை எனக்குக் கற்றுத் தந்தவள் எங்கள் மகள். ஐரோப்பாவில், வியன்னாவிலிருந்து பிராத்திஸ்லாவாவுக்குப் போகும் சாலையில், இதே மாதிரி ஒரு காரின் பின் இருக்கையில் வைத்துத்தான் அதைக் கற்றுத் தந்தாள்.

2

ஊரில் இதை வாசிக்கிற உங்களுக்கு எங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு ஒரே பிள்ளை, ஆரணி. அவளைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டுதான் ஆக்லாந்தில் வந்து இறங்கினோம். கொழும்பில் நான் படவரைஞராக இருந்தவன். இங்கே வந்து பென்ரோஸில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்கினேன். முதுகு போன பிறகு கார் ஓட்ட வந்தேன்.

பயணிகளை ஏற்றுவதற்குத் தனி அனுமதி எடுக்க வேண்டும். அதற்கு இலங்கைப் பொலிஸிடமிருந்து நற்சான்று கேட்டார்கள். எந்தப் பொலிஸுக்குப் பயந்து நாட்டை விட்டு வந்தேனோ, அதே பொலிஸ் நான் நல்லவன் என்று எழுதித் தர வேண்டும். மாதக்கணக்கில் இழுத்தடித்து ஒருவழியாகத் தந்தார்கள். "ஊருக்கே நீங்கள் நல்லவர் எண்டு பொலிஸ் சொல்லிப்போட்டுது, சாமியறையில மாட்டுவமோ?" என்று சாந்தினி பகிடி பண்ணினாள்.

சாந்தினியின் அக்காமார் இருவரும் சிட்னியில் இருக்கிறார்கள். அவர்களோடு போய்ச் சேர வேண்டுமென்று அவளுக்குக் கொள்ளை ஆசை. ஒரு கட்டத்தில் போவதாகவே முடிவெடுத்துவிட்டோம். பள்ளிக்கூடத்தையும் சிநேகிதிகளையும் விட்டு வரமாட்டேன் என்று ஆரணி அழுதாள். சரி, இடைநிலைப் படிப்பு முடியட்டும் என்றோம். பிறகு பல்கலைக்கழகம். பிறகு வேலை. லின்ஃபீல்டில் வீடு வாங்கியபோதுகூட வெயில் விழுகிற அறை எதுவென்று பார்த்து முதலில் அவளுக்கு ஒதுக்கினோம். "எல்லாம் உனக்காகத்தானே பிள்ளை" என்ற வசனம் எங்கள் வீட்டில் உப்பு மாதிரி. எந்தப் பேச்சிலும் ஒரு சிட்டிகை விழும்.

அவளோ நாலு வயதிலேயே எங்களுக்கு ஆங்கிலத்தில் பதில் சொல்லத் தொடங்கிவிட்டாள். நாங்கள் தமிழில் கேட்போம், அவள் ஆங்கிலத்தில் சொல்வாள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் கொண்டுபோய் விட்டால், அங்கேயும் பிள்ளைகள் எல்லாம் வெளியே நின்று ஆங்கிலத்தில்தான் விளையாடுவார்கள். பேசாவிட்டாலும் விளங்குகிறதே என்று மனதைத் தேற்றிக்கொண்டோம்.

படித்து முடித்து, மருத்துவக் கருவிகள் செய்கிற ஒரு கம்பனியில் இரண்டு வருட ஒப்பந்தத்தில் வியன்னாவுக்குப் போனாள். இரண்டு வருடம்தானே என்று அனுப்பினோம். அந்த இரண்டு வருடம் முடியப் போகிற நேரத்தில், "அம்மாவும் நீங்களும் வந்து பாருங்கள்" என்று அழைத்தாள்.

சாந்தினியால் போக முடியவில்லை. முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள் அவள். மற்றவர்களின் தாய் தகப்பனைத் தூக்கி எழுப்பியே முழங்கால் தேய்ந்துவிட்டது. அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருப்போர் பட்டியலில் அவள் பெயர் இருக்கிறது. எப்போது கூப்பிடுவார்கள் என்று எவருக்கும் தெரியாது. கூப்பிடுகிற நேரம் நாட்டில் இல்லாவிட்டால் வரிசையில் பின்னுக்குப் போய்விடுவோம் என்று அவளுக்குப் பயம். "நீங்கள் போய்ப் பாத்திட்டு, வரேக்க பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாங்கோ," என்று என்னை அனுப்பிவைத்தாள்.

3

வியன்னா விமான நிலையத்தில் இறங்கியபோது என் கையில் ஒரு தடித்த கோப்பு இருந்தது. ஆரணியின் அழைப்புக் கடிதம், அவளுடைய வேலைக் கடிதம், எங்கள் வீட்டு வரி ரசீது, வங்கிக் கணக்கு, சாந்தினி ஆக்லாந்தில்தான் இருக்கிறாள் என்பதற்கு அத்தாட்சி. நியூசிலாந்துக் கடவுச்சீட்டை வாங்கிக்கொண்ட அதிகாரி என் முகத்தை ஒருமுறை பார்த்தார், முத்திரை குத்தினார், போகச் சொன்னார். கோப்பைக் கேட்கவே இல்லை. கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

சில நாள் வியன்னாவைச் சுற்றினோம். ஒரு மாலை, "நாளைக்கு உங்களுக்கு இன்னொரு நாட்டைக் காட்டப்போகிறேன் அப்பா. பிராத்திஸ்லாவா. சின்னத் தலைநகரம். கார் சொல்லியிருக்கிறேன்," என்றாள், வழக்கம் போல ஆங்கிலத்தில்.

ரயில் ஒரு மணி நேரத்தில் போகிறது, காரை விட மலிவு என்று அவளுடைய பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது என் காதிலும் விழுந்திருந்தது. "ரயில் இருக்கேக்க என்னத்துக்குக் கார்?" என்று கேட்டேன். "நீங்கள் எப்போதும் மற்றவர்களை ஏற்றிக்கொண்டு திரிகிறீர்கள். ஒரு நாள் உங்களை யாராவது ஏற்றிக்கொண்டு போகட்டும்," என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிள்ளைக்கு என்னவொரு நினைப்பு என்று அன்றிரவே சாந்தினிக்கு அழைத்துச் சொன்னேன்.

காலையில் கீழே இறங்கினால், கறுப்புக் கோட்டுப் போட்ட ஒருவர் என் பெயர் எழுதிய பலகையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அந்தப் பலகையை எத்தனையோ பேருக்காகப் பிடித்திருக்கிறேன். என் பெயரை அதில் பார்த்தது அன்றுதான். நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டேன். அவர் பெயர் மிலான். பிராத்திஸ்லாவாவில் குடியிருந்துகொண்டு வியன்னாக் கம்பனி ஒன்றுக்கு ஓட்டுகிறார். பின்னால் உட்கார வெட்கமாக இருந்ததால், முன் இருக்கையில் ஏறலாமென்று எங்கள் ஊர் வழக்கப்படி இடப்பக்கக் கதவைத் திறந்தேன். உள்ளே ஸ்டியரிங் இருந்தது. "ஐயா ஓட்டப்போகிறீர்களா?" என்று மிலான் மரியாதையாகக் கேட்டார். ஆரணி என் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள்.

நகரம் முடிந்து பெருஞ்சாலை தொடங்கியது. இருபுறமும் அறுவடை முடிந்த வெறும் வயல், அதற்கு மேல் வெள்ளைக் காற்றாலைகள். மிலான் நல்ல ஓட்டுநர். பிரேக் போட்டதே தெரியவில்லை. அந்தத் திருப்தியில் நான் சாய்ந்து உட்கார்ந்தபோதுதான் ஆரணி பேசினாள். தமிழில் பேசினாள்.

"அப்பா, நான் ஒண்டு சொல்லோணும். நீங்கள் கோவப்படாமக் கேக்கோணும்."

எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு அவள் வாயிலிருந்து முழுசாக ஒரு தமிழ் வசனம். எங்கள் வீட்டுத் தமிழ், சாந்தினியின் தமிழ். எனக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. மிலானுக்கு ஆங்கிலம் தெரியும், ஆகவேதான் தமிழ் என்று ஒரு கணம் கழித்து விளங்கியது.

"வேலையை நிரந்தரமாத் தந்திட்டினம். நான் ஓம் எண்டு சொல்லிப்போட்டன். இருக்கிறதுக்கு வீடும் பாத்திட்டன். நான் ஆக்லாந்துக்குத் திரும்பி வரமாட்டன், அப்பா."

"எப்ப முடிவெடுத்தனி?"

"மே மாசம்."

அது நடந்து நாலு மாதம். அந்த நாலு மாதமும் ஞாயிறு தவறாமல் எங்களோடு போனில் கதைத்தவள்.

"அம்மாக்குத் தெரியுமோ?"

"இல்லை. நீங்கள்தான் சொல்லோணும். நான் போன்ல சொன்னா அம்மா அழுவா. அம்மா அழுதா நான் எல்லாத்தையும் விட்டிட்டு அடுத்த பிளேன்ல வந்திடுவன். எனக்கு அது தெரியும். அதுக்குப் பிறகு நான் வாழ்க்கை முழுக்க அம்மாவோட கோவமா இருப்பன்."

அவள் இன்னும் முடிக்கவில்லை.

"நீங்களும் எனக்காக அங்க இருக்கத் தேவையில்லை. சிட்னிக்குப் போங்கோ, ஊருக்குப் போங்கோ, எங்க விருப்பமோ அங்க போங்கோ. எல்லாம் உனக்காகத்தான் எண்டு நீங்கள் சொல்லேக்க எனக்கு மூச்சு முட்டுது."

வீட்டிலென்றால் கத்தியிருப்பேன். கத்துகிற ஆள்தான் நான். ஆனால் முன்னால் ஒரு வெளியாள் இருக்கிறார். எங்கள் ஆட்களின் குணம் உங்களுக்குத் தெரியும். எவ்வளவு பெரிய சண்டை நடந்தாலும், அந்த நேரம் யாராவது கதவைத் தட்டினால் "வாங்கோ வாங்கோ, தேத்தண்ணி குடிக்கிறியளோ?" என்று சிரித்துக்கொண்டு போவோம். வீட்டு விஷயம் வெளியாளுக்குத் தெரியக்கூடாது. பாஷை தெரியாத வெளியாள் என்றாலும் முகம் தெரியும், குரல் தெரியும். அந்தக் குணத்தை நம்பித்தான் இவள் கார் சொல்லியிருக்கிறாள். ரயிலில் இது சரிவராது. ரயிலில் நான் எழுந்து வேறு பெட்டிக்குப் போயிருப்பேன்.

"நல்லது பிள்ளை," என்றேன். பிறகு மிலானைப் பார்த்து, காற்றாலைகள் மிகவும் அழகாக இருக்கின்றன என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

"நன்றி ஐயா," என்றார் மிலான், தானே நட்டு வைத்தவர் போல. சொல்லிவிட்டுக் கையை உயர்த்திப் பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியைக் கொஞ்சம் மேலே தள்ளினார்.

அதன் பொருள் எனக்குத் தெரியும். இது எங்கள் தொழிலில் யாரும் சொல்லித் தராமலே எல்லோரும் செய்கிற காரியம். பின்னால் இருப்பவர்கள் அழத் தொடங்கினாலோ சண்டை தொடங்கினாலோ, அவர்கள் முகம் தெரியாத அளவுக்குக் கண்ணாடியை உயர்த்திவிட்டுப் பக்கக் கண்ணாடிகளை வைத்து ஓட்டுவோம். சட்டப்படி சரியோ பிழையோ தெரியாது. மாமியாரை வழியனுப்பிவிட்டு வந்த பெண்களுக்கும், மரணச் செய்தி கேட்டுப் பறக்க வந்தவர்களுக்கும் நான் அதைச் செய்திருக்கிறேன். எனக்காக ஒருவர் செய்தது அன்றுதான். என் முகம் எப்படி இருந்திருக்குமென்று அதை வைத்துத் தெரிந்துகொண்டேன்.

அந்த நேரம் பார்த்துத் தூரத்தில் எல்லைச் சாவடி தெரிந்தது. பெரிய கூரை, அதன் கீழ் வரிசையாகக் கண்ணாடிக் கூண்டுகள். என்ன நினைத்தேனோ, கை தானாகப் போய் இருக்கைப் பட்டியைக் கழற்றியது. மற்றக் கை கடவுச்சீட்டை எடுத்தது. ஊரில், சண்டைக் காலத்தில், நாங்கள் பழகியது அப்படி. சாவடி என்றால் வாகனம் நிற்கும், ஆட்கள் இறங்குவார்கள், பையைத் தூக்கிக்கொண்டு நடப்பார்கள். பட்டியைக் கழற்றியதும் கார் கீக்கீ என்று கத்தத் தொடங்கியது.

"இங்கே நிற்பதில்லை ஐயா," என்றார் மிலான். "இப்போது யாரும் இல்லை. சும்மா போகலாம்."

அந்தக் கூண்டுகளுக்குள் உண்மையிலேயே ஒருவரும் இல்லை. தூசி படிந்த கண்ணாடிகள் மட்டும் கடந்து போயின. சாவடியைக் கண்டால் சுற்றுவழி தேடுகிறவன் நான். அன்று மட்டும், ஒரு சீருடைக்காரன் குறுக்கே வந்து கையைக் காட்டி இந்தக் காரை நிறுத்தி என்னை இறக்கிவிடமாட்டானா என்று தவித்தேன்.

4

பிராத்திஸ்லாவா அழகான ஊர். அதற்கு நான் குறை சொல்லமாட்டேன். குன்றின் மேல் வெள்ளைக் கோட்டை. நாலு மூலையிலும் நாலு கோபுரம். கவிழ்த்துப் போட்ட மேசை என்று அந்த ஊர்க்காரர்களே அதைப் பகிடி பண்ணுவார்களாம். கீழே டான்யூப் நதி, பழுப்பு நிறத்தில், அவசரமாக ஓடியது. ஒரு நாட்டின் தலைநகரத்தை மத்தியானச் சாப்பாட்டுக்குள் நடந்து முடித்துவிடலாம்.

பழைய நகரத்துக்குப் பக்கத்தில் மிலான் எங்களை இறக்கிவிட்டு, மூன்று மணி நேரம் கழித்து அதே இடத்தில் நிற்பதாகச் சொன்னார். அந்த மூன்று மணி நேரம் இருக்கிறதே! காரில் மிலான் இருந்தார், தெருவில் ஊரே இருந்தது. எங்கே போய்க் கத்துவது? எழுந்து போகலாமென்றால் எங்கே போவது? என் போனில் அந்த நாட்டில் இணையம் வேலை செய்யவில்லை. அந்த ஊர்ப் பாஷையில் ஒரு எழுத்துத் தெரியாது. திரும்பிப் போகிற கார் அவள் பெயரில் இருந்தது. மகளைக் கோபித்துக்கொண்டு, அவள் பின்னாலேயே சுற்றுலாப் பயணியாக நடந்தேன். அவள் தேவாலயத்தைக் காட்டினால் தேவாலயத்தைப் பார்த்தேன். பழைய நகர வாசலைக் காட்டினால் வாசலைப் பார்த்தேன்.

ஒரு தெரு மூலையில் சாக்கடை மூடியைத் திறந்துகொண்டு ஒரு வெண்கல மனிதன் எட்டிப் பார்க்கிறான். நெஞ்சு வரைக்கும் வெளியே, மிச்சம் நிலத்துக்குள். வெளியே வருகிறானா, வேலை முடிந்து உள்ளே போகிறானா தெரியவில்லை. அவன் தலையைத் தொட்டு நினைத்தால் நடக்குமாம். சனம் தொட்டுத் தொட்டுத் தலை பளபளத்தது.

"தொடுங்கோ அப்பா," என்றாள். தொட்டேன். என்ன நினைப்பதென்று வரவில்லை. அவள் இங்கேயே நன்றாக இருக்க வேண்டுமென்றா, திரும்பி வர வேண்டுமென்றா? இரண்டும் வந்தது. அதற்குள் அவள் படம் எடுத்துத் தாய்க்கு அனுப்பிவிட்டாள். உடனே சாந்தினியின் குரல் செய்தி வந்தது. "நல்ல வடிவா இருக்கு பிள்ளை. அப்பாவை மப்ளரைப் போடச் சொல்லு. எப்ப பாத்தாலும் கழுத்தைத் திறந்துபோட்டுத்தான் திரிவார்." தெருவில் நின்று இருவரும் அதைக் கேட்டோம். ஆரணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சாப்பாட்டுக் கடையில் ரொட்டியைக் குடைந்து அதற்குள் வெள்ளைப்பூண்டுச் சூப் ஊற்றித் தந்தார்கள். நான் குரலைத் தணித்து, சிரித்த முகத்தோடு கேட்டேன். "அங்க உனக்கு என்ன குறை வச்சனாங்கள்?"

"ஒரு குறையும் வைக்கேல்லை," என்றாள். "அதுதான் அப்பா. எல்லாத்தையும் நீங்களே செய்து வச்சிட்டீங்கள். எனக்கெண்டு செய்ய அங்க ஒண்டும் இல்லை."

சொன்னது விளங்கியது. விளங்கினால் கோபம் குறையும் என்கிறார்கள், குறையவில்லை. ஆனால் சூப்பைக் குடித்து முடித்தேன். அந்த ரொட்டியையும் தின்றேன். "அம்மாட்ட நான் சொல்லுறன்," என்றேன். அவள் மேசைக்கு மேல் கையை நீட்டி என் கையைப் பிடித்தாள். சின்ன வயதில் தெரு கடக்கும்போது பிடிப்பது போல இறுக்கிப் பிடித்தாள்.

திரும்பி வரும்போது எல்லாரும் களைத்திருந்தோம். எங்கள் நகரம் பிடித்ததா என்று மிலான் கேட்டார். மிகவும் பிடித்தது, சின்னதாக இருக்கிறது என்றேன். காரில் ஏறும்போதே பார்த்தேன், கண்ணாடியைப் பழைய இடத்துக்கு இறக்கி வைத்திருந்தார்.

5

ஆக்லாந்துக்குத் திரும்பி ஒரு மாதத்துக்கு மேலாகிறது. "அம்மாட்ட நான் சொல்லுறன்" என்பது ஐரோப்பாவில் வைத்துச் சொல்வதற்குச் சுலபமான வசனம்.

விமான நிலையத்திலிருந்து வீட்டுக்கு வந்த அன்று சாந்தினி கேட்ட முதல் கேள்வி, "எப்ப வாறாளாம்?" என்பது. வேலையில் ஏதோ இழுபடுகிறது என்றேன். அவள் அதையே பிடித்துக்கொண்டு, பொங்கலுக்கு வந்துவிடுவாள் என்று அக்காமாருக்கும் சொல்லிவிட்டாள்.

இங்கத்தைய வீடுகளின் ஈரத்தைப் பற்றி ஊரில் இருப்பவர்களுக்குச் சொன்னால் விளங்காது. ஆள் புழங்காத அறையில் ஒரு குளிர்காலத்திலேயே பூஞ்சணம் பிடித்துவிடும். அதற்காகச் சாந்தினி சனிக்கிழமைகளில் ஆரணியின் அறையைத் திறந்து, யன்னல் விளிம்பைத் துடைத்து, கட்டில் விரிப்பை மாற்றுவாள். யாரும் படுக்காத விரிப்பு. அந்த முழங்காலோடு குனிந்து கட்டிலுக்கு அடியிலும் துடைப்பாள். நான் கதவடியில் நின்று, இப்போது சொல்லிவிடுவோம் என்று வாயைத் திறப்பேன். "அந்தத் துணியை எடுத்துத் தாங்கோ," என்பாள். எடுத்துக் கொடுத்துவிட்டுப் போய்விடுவேன்.

எனக்குப் பயம் அவள் அழுவாள் என்பது மட்டுமில்லை. அழுத பிறகு என்ன செய்வது என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. எங்கே விருப்பமோ அங்கே போங்கள் என்று மகள் சொல்லிவிட்டாள். போக இடம் வேண்டாமா? ஊரில் எங்கள் காணிப் பங்கைத் தம்பிக்கு விலைக்கு எழுதிக் கொடுத்துத்தான் இந்த வீட்டுக்கு முன்பணம் கட்டினோம். இப்போது போனால் விருந்தாளியாக இரண்டு வாரம் இருக்கலாம். சிட்னியில் அக்காமார் பேரப்பிள்ளைகளின் பின்னால் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். அங்கே போய் இந்த வயதில் வாடகை வீடு தேடி, புதிதாக ஒரு காத்திருப்புப் பட்டியலில் பெயர் எழுத வேண்டும். இங்கே வீட்டின் மோர்ட்கேஜ் கடன் இன்னும் முடியவில்லை. முழங்கால் எப்போது என்று தெரியவில்லை. பிள்ளைக்காக இருக்கிறோம் என்று சொன்னவரைக்கும் இது வீடு. அந்தக் காரணத்தை எடுத்துவிட்டால், பூமியின் ஒரு மூலையில் யாரோ இறக்கிவிட்டுப் போன இரண்டு பேர். விடுதலை தந்துவிட்டாள் பிள்ளை, அதைக் கொண்டுபோய் வைக்க ஓரிடம் இல்லை.

வீட்டில் வைத்துச் சொன்னால் சாந்தினி அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். அவளுக்குப் பிரஷர் வேறு. வெளியாள் முன்னால் என்றால் தாங்கிக்கொள்வாள், நான் தாங்கிக்கொண்டது போல. அப்படித்தான் சியோனேயைப் பிடித்தேன்.

6

மழை விட்டுவிட்டுத் தூறிய நாள். டிட்டிராங்கி தாண்டியதும் பீஹா போகும் சாலை காட்டுக்குள் வளைந்து வளைந்து ஏறும். சியோனே வானொலியை மெல்லிதாக வைத்திருந்தான். சாந்தினி அவனுடைய பிள்ளைகளைப் பற்றி விசாரித்தாள். ஐந்து பேராம். "கெட்டிக்காரன், டார்லிங்," என்று பாராட்டினாள். முதியோர் இல்லத்து ஆங்கிலம் அவளுடையது. அதில் எல்லாரும் டார்லிங்.

ஒரு வளைவில் வைத்து நான் சொல்லத் தொடங்கினேன். ஆரணி சொன்ன அதே ஒழுங்கில் சொன்னேன். வேலை நிரந்தரம். வீடு பார்த்துவிட்டாள். இனி வரமாட்டாள். போனில் சொல்ல அவளுக்குத் தைரியம் வரவில்லை. நாங்கள் அவளுக்காக இங்கே இருக்கத் தேவையில்லையாம். மூச்சு முட்டியதை மட்டும் விட்டுவிட்டேன்.

சாந்தினி அழவில்லை. "ஓம்," என்றாள். இன்னும் இரண்டு வளைவு போனோம். பிறகும் "ஓம்," என்றாள். திட்டம் பலித்துவிட்டது என்று நினைத்தேன்.

கடல் தெரிகிற திருப்பத்தில் வாகனம் நிறுத்தி வேடிக்கை பார்க்க ஓர் இடம் உண்டு. கீழே கறுப்பு மணலும் நடுவில் பெரிய பாறையும் தெரியும். "சியோனே டார்லிங், இங்கே நிறுத்து," என்று அவளே ஆங்கிலத்தில் சொன்னாள். நிறுத்தினான். என் மடியிலிருந்த டப்பாவைத் திறந்து இரண்டு ரோல்ஸைக் கடதாசியில் சுற்றி அவனிடம் நீட்டினாள். "நீ போய்க் கொஞ்ச நேரம் கடலைப் பார். நானும் இவரும் கதைக்க வேண்டும்."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. சியோனே என்னைப் பார்த்தான். என் முகத்தில் என்ன இருந்ததோ, உடனே இறங்கிப் போய்விட்டான். தூறலில் வேலியோரம், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று ரோல்ஸைக் கடித்தான்.

"உங்களுக்கு அவள் எங்க வச்சுச் சொன்னவள்?" என்று சாந்தினி கேட்டாள்.

"பிராத்திஸ்லாவா போகேக்க. கார்ல."

"டிரைவர் இருக்கேக்கயோ?"

"ஓம்."

கத்துவாள் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அவள் குரல் உயரவே இல்லை.

"அவள் உங்களுக்குச் சொல்லுறதுக்கு ஒரு கார் பிடிச்சாள். நீங்கள் எனக்குச் சொல்லுறதுக்கு ஒரு கார் பிடிச்சிருக்கிறியள். நான் ஆரைக் கார்ல ஏத்திக்கொண்டு போய்ச் சொல்லுறது?"

அக்காமாரிடம் சொல்லலாமே என்று வாய் வரைக்கும் வந்தது. பொங்கலுக்கு வருகிறாள் என்று அவர்களிடம் அவள் சொல்லியிருப்பது ஞாபகம் வந்தது. கையைப் பிடித்தேன். இழுத்துக்கொள்ளவும் இல்லை, இறுக்கிப் பிடிக்கவும் இல்லை. "வீட்டை போவம்," என்றாள். "கடற்கரை வேண்டாம். இந்த மண்ணுக்குள்ள எனக்கு நடக்கேலாது."

சியோனே வந்து ஏறினான். நனைந்திருந்தான். காரைத் திருப்பினான். வானொலியை நிறுத்திவிட்டான். அவள் இதை விழுங்கிவிடுவாள், நாளைக்கு வேலைக்குப் போவாள், சனிக்கிழமை மறுபடி யன்னல் விளிம்பைத் துடைப்பாள், நானும் துணியை எடுத்துக் கொடுப்பேன் என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

டிட்டிராங்கிக் கடைகள் வந்தபோது, சாந்தினி முன் இருக்கைப் பக்கம் சற்றுச் சாய்ந்தாள்.

"சியோனே," என்றாள் ஆங்கிலத்தில். "என் மகள் இனி வீட்டுக்கு வரமாட்டாள்."

சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. வெளியாள் முன்னால். நல்ல சேலையின் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, என் மனைவி ஒரு வெளியாள் முன்னால் அழுதாள். சியோனேயின் கை கண்ணாடியை நோக்கிப் போனது. அந்த அசைவு எனக்குத் தெரியும். ஆனால் கண்ணாடிக்குள் சாந்தினி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கை பாதியில் நின்றது. பிறகு திரும்பி ஸ்டியரிங்குக்கு வந்தது.

"அவளுடைய பெயர் என்ன, ஆன்ட்டி?" என்று கேட்டான்.

அவள் சொன்னாள். பெயரைச் சொன்னாள், அதை யார் வைத்தது என்று சொன்னாள். பிறந்தபோது எவ்வளவு முடி இருந்தது என்று சொன்னாள். தெரிந்த ஆங்கிலத்திலும் வராத இடத்தில் தமிழிலும் சொல்லிக்கொண்டே வந்தாள். அவன் "ம்" கொட்டிக்கொண்டு மெதுவாக ஓட்டினான். லின்ஃபீல்டில் எங்கள் வாசலுக்கு வந்தும் அவள் இறங்கவில்லை. சியோனே என்ஜினை நிறுத்திவிட்டு, உடம்பைத் திருப்பி உட்கார்ந்து கேட்டான்.

நாங்கள் வந்த முதல் குளிர்காலத்தில் ஒரு நாள், ஆரணியைத் தூக்கிக்கொண்டு, கடவுச்சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு, பஸ் மாறி மாறி விமான நிலையம் வரைக்கும் போனதை அவள் சொன்னாள். எங்கே போவதென்று தெரியவில்லையாம். ஆட்கள் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டு கண்ணாடிக் கதவடியில் இருந்துவிட்டு, பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு, நான் வேலையால் வருவதற்குள் வீட்டுக்குத் திரும்பிச் சோறு வடித்தாளாம்.

இத்தனை வருடமாக அந்தக் கண்ணாடிக் கதவடியில்தான் நான் பலகை பிடித்துக்கொண்டு நிற்கிறேன். எனக்கு அது தெரியாது. ரோல்ஸ் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, பின் இருக்கையில் இருந்து, சியோனேயோடு சேர்ந்து நானும் கேட்டேன்.